இங்கிலாந்து உயிலைத் தேடிப் பிடிப்பது எப்படி: 1858-க்கு முன்னும் பின்னும்

இங்கிலாந்தில் இறந்த ஒருவரின் உயிலைத் தேட உட்காருபவர்கள் முதல் வேலையாகப் பெயரைத் தேடல் கட்டத்தில் தட்டுகிறார்கள். ஒன்றும் வராவிட்டால், "உயிலே எழுதவில்லை போலிருக்கிறது" என்று மூடிவைத்துவிடுகிறார்கள். பல நேரம் அந்த உயில் பத்திரமாக வேறோர் ஊரில் இருக்கும்.

காரணம் எளிது. பழைய உயில்கள் ஆள்வாரியாகவோ ஊர்வாரியாகவோ அடுக்கப்படவில்லை. எந்த நீதிமன்றம் அதை ஏற்று உறுதிசெய்ததோ, அந்த நீதிமன்றத்தின் கட்டுகளில்தான் அது கிடக்கிறது. 1858 தொடக்கம் வரை அந்த வேலையைச் செய்தவை திருச்சபை நீதிமன்றங்கள். அதற்குப் பிறகு அரசு நீதிமன்றம். ஆகவே முதலில் நீதிமன்றத்தைக் கண்டுபிடியுங்கள், பெயர் அப்புறம். இந்த வரிசை மாறினால் வாரக்கணக்கில் உழைப்பு வீணாகும்.

சில சொற்களை முதலிலேயே தெளிவாக்கிவிடலாம். "இது இறந்தவரின் கடைசி உயில்தான்" என்று நீதிமன்றம் ஏற்று, அதை நிறைவேற்றுபவருக்கு அதிகாரம் தருவது புரோபேட். உயில் இல்லாதபோது சொத்தைக் கையாள உறவினருக்குத் தரும் அதிகாரம் நிர்வாகப் பத்திரம். ஆயர் என்று இங்கே சொல்வது பிஷப்பை; பேராயர் என்பது ஆர்ச்பிஷப்பை. நம் சி.எஸ்.ஐ. சபைகளில் பிஷப்பையே பேராயர் என்பதால் குழப்பம் வரும், கவனம்.

1. தேடுவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

ஐந்து விவரங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: முழுப் பெயர், இறந்த தேதி (தோராயமாகவாவது), வாழ்ந்த பங்கு (ஒரு தேவாலயத்தின் பொறுப்பில் உள்ள ஊர்ப்பகுதி), தொழில், சொத்து இருந்த இடங்கள். கடைசி விவரத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். 1858-க்கு முந்தைய தேடலில் அதுதான் சாவி.

இறப்புத் தேதிக்கு, 1837 ஜூலை 1-க்குப் பிறகு என்றால் அரசின் இறப்புப் பதிவு உண்டு. அதற்கு முன்பு என்றால் பங்கின் அடக்கப் பதிவேடுதான். அதில் இருப்பது அடக்கம் செய்த நாள். இறந்த நாள் சில தினங்கள் முந்தி இருக்கும்.

பெயரின் எழுத்துக்கூட்டல் வேறுபாடுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்மித் என்ற சாதாரணப் பெயருக்கே மூன்று நான்கு வடிவங்கள் உண்டு. எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார், அவ்வளவுதான்.

தேடப்படுபவர் திருமணமான பெண் என்றால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். 1883 ஜனவரி 1-இல் புதிய சொத்துரிமைச் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை, கணவர் உயிருடன் இருக்கும்போது அவர் சம்மதமின்றி மனைவி உயில் எழுதுவது பொதுவாக முடியாது. பெண்களின் உயில்களில் பெரும்பாலானவை விதவைகளுடையவை அல்லது மணமாகாதவர்களுடையவை.

2. கோடு எங்கே விழுகிறது: 1858 ஜனவரி 12

1857-ஆம் ஆண்டின் புரோபேட் நீதிமன்றச் சட்டம், உயில் விவகாரங்களில் இங்கிலாந்து, வேல்ஸ் திருச்சபை நீதிமன்றங்களுக்கு இருந்த அதிகாரம் முழுவதையும் எடுத்துவிட்டது. 1858 ஜனவரி 12 முதல் லண்டனில் ஒரு தலைமைப் பதிவகமும், மாவட்டங்களில் 40 பதிவகங்களும் அந்த வேலையைச் செய்தன. படிப்படியான மாற்றம் எதுவும் கிடையாது. இருநூறுக்கும் மேற்பட்ட நீதிமன்றங்கள் ஒரே நாளில் அதிகாரம் இழந்தன.

புதியவர்கள் இடறும் இடம் இதுதான்: கோட்டின் எந்தப் பக்கம் என்பதைத் தீர்மானிப்பது புரோபேட் வழங்கப்பட்ட தேதி. இறந்த தேதி அதைத் தீர்மானிக்காது. 1857 நவம்பரில் இறந்தவருக்கு 1858 பிப்ரவரியில் புரோபேட் கிடைத்திருந்தால், அவர் அரசுப் பதிவேட்டில் இருப்பார். 1850-களில் இறந்த யாராக இருந்தாலும் இரண்டு பக்கமும் பார்த்துவிடுங்கள்.

3. 1858-க்குப் பிறகு என்றால்: வருட அட்டவணை

இந்தப் பக்கம் வேலை சுலபம். நாடு முழுவதற்கும் ஒரே அட்டவணை, வருடம் வருடமாக, குடும்பப் பெயரின் அகரவரிசையில் அச்சிட்டிருக்கிறார்கள். புரோபேட் அட்டவணை என்று இதைச் சொல்வார்கள். பிரிட்டிஷ் அரசின் உயில் தேடல் தளத்தில் இணையம் வழியாகவே பார்க்கலாம். எந்த மாவட்டப் பதிவகம் வழங்கியது என்பது தெரியாவிட்டாலும் பரவாயில்லை. மாவட்டங்களில் வழங்கியவையும் இதே அட்டவணையில் உண்டு.

இங்கே நான்கு விஷயங்களைக் கவனியுங்கள்.

அட்டவணையின் வருடம் புரோபேட் வழங்கிய வருடம். இறந்த வருடத்தில் தொடங்கி அடுத்த மூன்று வருடங்களைக் கட்டாயம் பாருங்கள். கிடைக்காவிட்டால் பத்து வருடம் வரை செல்லுங்கள். நிறைவேற்றுபவரே வேலையை முடிக்காமல் இறந்துபோனால், மீதிச் சொத்துக்காகப் பல பத்தாண்டுகள் கழித்துக்கூட இன்னொரு பதிவு வரும்.

1858 முதல் 1870 வரை உயில்களுக்கும் நிர்வாகப் பத்திரங்களுக்கும் அட்டவணை தனித்தனி. 1871-இலிருந்துதான் ஒன்றாக வருகிறது. ஸ்கேன் செய்த பக்கங்களைப் புரட்டித் தேடுபவர்கள் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு "இல்லை" என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

பதிவில் இருக்கும் தொகையை அப்படியே குடும்பத்தின் செல்வம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 1881-க்கு முன் "100 பவுண்டுக்குக் கீழ்" என்பது போன்ற வரம்புகள்தான் எழுதினார்கள். 1898-க்கு முன் அந்தக் கணக்கில் நிலம் சேராது. நகை, பணம், சரக்கு, கம்பெனிப் பங்கு போன்ற அசையும் சொத்து மட்டுமே. பெரிய பண்ணை வைத்திருந்தவர் அட்டவணையில் ஏழையாகத் தெரிவதன் ரகசியம் இதுதான்.

உயில் இல்லாதவரும் அட்டவணையில் இருப்பார். 1883 மார்ச் 14-இல் லண்டனில் இறந்த கார்ல் மார்க்ஸ் உயில் எழுதவில்லை. அதே வருட அட்டவணையில் அவர் பெயர் உண்டு: நிர்வாகப் பத்திரம் மகள் எலினாருக்கு, அசையும் சொத்து 250 பவுண்டு. இப்படிப்பட்ட பதிவுக்குப் பணம் கட்டி நகல் கேட்டால் உயில் வராது, அதிகாரம் வழங்கிய தாள் மட்டுமே வரும். பதிவில் "நிர்வாகம்" என்று இருக்கிறதா, "உயிலுடன் கூடிய நிர்வாகம்" என்று இருக்கிறதா என்பதைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள். பின்னதில் உயில் உண்டு. நிறைவேற்றுபவர் இல்லாததால் வேறொருவர் பொறுப்பேற்றிருக்கிறார்.

நகல் கேட்கும்போது பெயர், இறந்த தேதி, வழங்கிய தேதி, பதிவகம் நான்கையும் அட்டவணையில் உள்ளபடியே எழுதுங்கள். ஒரே பெயரில் அந்த வருடம் பத்துப் பேர் இருப்பார்கள்.

4. 1858-க்கு முன் என்றால்: எந்த நீதிமன்றம்?

இதுதான் கடினமான படி. நேரம் ஒதுக்கிச் செய்யுங்கள்.

திருச்சபை நீதிமன்றங்கள் ஏணிப் படிகள் போல இருந்தன. கீழ்ப்படியில் ஆர்ச்டீக்கனின் (ஆயருக்குக் கீழுள்ள திருச்சபை அதிகாரி) நீதிமன்றம், சில பங்குகளின் கூட்டத்துக்கு. அதற்கு மேல் ஆயரின் நீதிமன்றம், மறைமாவட்டம் முழுவதற்கும். உச்சியில் இரண்டு பேராயர்களின் தனியுரிமை நீதிமன்றங்கள்: வடக்கு மாவட்டங்களுக்கு யார்க், மற்றதெல்லாம் கேன்டர்பரி. பெயர்தான் கேன்டர்பரி, அந்த நீதிமன்றம் நடந்தது லண்டனில், செயின்ட் பால் பேராலயத்துக்கு அருகே டாக்டர்ஸ் காமன்ஸ் என்ற வளாகத்தில். கேன்டர்பரி நகர ஆவணக் காப்பகத்தில் போய்க் கேட்டு ஏமாந்தவர்கள் உண்டு. இதன் பதிவுகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

எந்தப் படி என்பதைத் தீர்மானித்தது சொத்தின் இருப்பிடம். எல்லாச் சொத்தும் ஓர் ஆர்ச்டீக்கனின் எல்லைக்குள் என்றால் அவரிடம். ஒரே மறைமாவட்டத்துக்குள் பல எல்லைகளில் பரவியிருந்தால் ஆயரிடம். ஒன்றுக்கு மேற்பட்ட மறைமாவட்டத்தில் 5 பவுண்டு (லண்டனில் 10 பவுண்டு) பெறுமானமுள்ள பொருள் இருந்தால் பேராயரிடம். இரண்டு பேராயர்களின் எல்லையிலும் இருந்தால் கேன்டர்பரி மேல். வெளிநாட்டிலோ கடலிலோ இறந்து, இங்கிலாந்தில் சொத்து விட்டிருந்தாலும் கேன்டர்பரி.

ஷேக்ஸ்பியரின் உயில் இதற்கு நல்ல பாடம். அவர் இறந்தது 1616 ஏப்ரலில், வூஸ்டர் மறைமாவட்டத்தில் உள்ள ஸ்ட்ராட்ஃபோர்டில். ஊரை மட்டும் வைத்துத் தேடினால் வூஸ்டருக்குப் போவோம். லண்டன் பிளாக்ஃபிரையர்ஸில் வீடு வாங்கியிருந்தவர் அவர். உயில் உறுதியானது ஜூன் 22-இல், கேன்டர்பரி பேராயரின் நீதிமன்றத்தில்.

இந்த ஏணிக்கு வெளியே ஒரு தொல்லை உண்டு: தனி விலக்குப் பெற்ற எல்லைகள். நடுவில் ஒரு பங்கு மட்டும் ஆயருக்குக் கட்டுப்படாமல், ஒரு பேராலயக் குழுவுக்கோ, சில இடங்களில் பண்ணை உரிமையாளருக்கோகூடக் கட்டுப்பட்டிருக்கும். அக்கம்பக்கத்து ஊர்க்காரர் உயிலெல்லாம் ஓரிடத்தில், இந்த ஊர் உயில் மட்டும் வேறிடத்தில். இதை ஊகித்துக் கண்டுபிடிக்க முடியாது, வரைபடம்தான் கைகொடுக்கும். ஃபேமிலிசர்ச் தளத்தில் 1851-ஆம் ஆண்டின் இங்கிலாந்து எல்லை வரைபடம் இருக்கிறது. பங்கின் பெயரைத் தட்டினால் அது எந்தப் புரோபேட் நீதிமன்றத்தின் கீழ் என்று காட்டும்.

வரைபடம் காட்டியது கீழ்ப்படி நீதிமன்றம் என்றாலும் அங்கேயே நின்றுவிடாதீர்கள். ஆயர் தன் மறைமாவட்டத்தைப் பார்வையிட வரும் மாதங்களில் ஆர்ச்டீக்கனின் நீதிமன்றம் மூடிக்கிடக்கும். அப்போதைய உயில்கள் ஆயரிடம் போகும். ஆயர் பதவி காலியாக இருந்தால் இன்னும் மேலே போகும். பங்கு ஆர்ச்டீக்கனுக்குரியது, ஆனால் அந்த வருடம் மட்டும் பதிவேட்டில் ஓட்டை என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

5. தேட வேண்டிய வரிசை

முதலில் கேன்டர்பரி. இது விதிப்படியான வரிசைக்கு நேர்மாறு. விதிப்படி கீழிருந்து மேலே போக வேண்டும். ஆனாலும் இங்கே தொடங்குவது நல்லது. இதன் 1384 முதல் 1858 வரையிலான உயில் நகல்கள் தேசிய ஆவணக் காப்பகத்தின் பட்டியலில் பெயர்வாரியாக உள்ளன, வீட்டிலிருந்தே பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். அந்தத் தொகுப்பின் பெயர் புரோப் 11. சட்டப்படி தேவையில்லாதபோதும் வசதி படைத்த குடும்பங்கள் இந்த நீதிமன்றத்தையே நாடின. இங்கிலாந்து வங்கியில் அரசுக் கடன் பத்திரம் வைத்திருந்தவர்களுக்கும் 19-ஆம் நூற்றாண்டில் வேறு வழியில்லை. வங்கி கேன்டர்பரி புரோபேட்டைத்தான் கேட்டது.

அடுத்து, வடக்கு என்றால் யார்க். அந்தப் பதிவுகள் யார்க் பல்கலைக்கழகத்தின் போர்த்விக் நிறுவனத்தில் உள்ளன. அதற்கடுத்து ஆயர், ஆர்ச்டீக்கன், கடைசியில் தனி எல்லைகள். இவை பெரும்பாலும் அந்தந்த மாவட்ட ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும். வேல்ஸ் உயில்கள் வேல்ஸ் தேசிய நூலகத்தில் ஒரே இடத்தில் இருக்கின்றன. இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். டரம் மறைமாவட்டத்துக்கு டரம் பல்கலைக்கழகம்.

டெவன் மாவட்டத்துக்காரர்களுக்கு வருத்தமான செய்தி. எக்ஸிட்டரில் இருந்த உயில்கள் 1942 குண்டுவீச்சில் எரிந்துபோயின. இழப்பு மிகப் பெரியது, ஆனால் முழு இழப்பு இல்லை. அடுத்த படியில் அதற்கு வழி இருக்கிறது.

6. 1796–1857 காலத்துக்கு ஒரு குறுக்குவழி

வாரிசுகள் பெற்ற சொத்துக்கு வரி வசூலிக்க அரசு 1796-இலிருந்து தனிப் பதிவேடு வைத்தது. திருச்சபை நீதிமன்றங்கள் தாங்கள் வழங்கியதை எல்லாம் லண்டன் வரி அலுவலகத்துக்கு அறிவித்தன. அதாவது, எந்த நீதிமன்றம் என்று தெரியாமல் தவிக்கும் உங்களுக்கு, எல்லா நீதிமன்றத்துக்கும் பொதுவான ஒரு பெயர்ப் பட்டியல் இருக்கிறது. பட்டியலின் பெயர் ஐஆர் 27. பதிவேடு ஐஆர் 26. பட்டியலில் பெயருக்கு எதிரே நீதிமன்றம் எழுதியிருக்கும். 4-ஆம் படியில் ஒரு வாரம் தலையை உடைத்துக்கொள்வதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

1805-க்கு முன் சுமார் கால் பங்கு சொத்துகளே இதில் அடங்கின. பிறகு வரியின் வலை விரிந்தது. 1857 வாக்கில் 20 பவுண்டுக்குக் கீழ் உள்ளவை தவிர மற்றவை இருக்க வேண்டும். ஆனால் 1,500 பவுண்டுக்குக் குறைவான சொத்துகளில் வரி பல நேரம் வசூலிக்கப்படவில்லை என்பதால் விவரங்கள் காலியாக இருக்கும்.

நிரப்பப்பட்ட பதிவு கிடைத்தால் அது உயிலைவிடப் பேசும். உயில் சொல்வது விருப்பத்தை. வரிப் பதிவேடு சொல்வது உண்மையில் யாருக்கு எவ்வளவு போனது, கடன் கழித்து என்ன மிஞ்சியது என்பதை.

இந்த அலுவலகத்துக்கு வந்த உயில் நகல்களில் 1812–1857 காலத்தவை பிறகு அழிக்கப்பட்டன. டெவன், சாமர்செட், கார்ன்வால் மூன்றுக்குரியவை மட்டும் காப்பாற்றப்பட்டு அந்தந்த மாவட்டக் காப்பகத்துக்குப் போயின. எக்ஸிட்டரில் எரிந்ததற்கு ஓரளவு ஈடு அதுவே.

7. 1653–1660: ஏழு வருட விதிவிலக்கு

குரோம்வெல் காலத்தில் திருச்சபை நீதிமன்றங்கள் ஓய்ந்தன. 1653-இலிருந்து நாடு முழுவதற்கும் லண்டனில் ஒரே அரசு நீதிமன்றம் உயில்களைக் கவனித்தது. 1660-இல் மன்னராட்சி திரும்பியதும் பழைய ஏற்பாடும் திரும்பியது. ஆகவே இந்த வருடங்களில் யார்க்ஷயர் விவசாயியின் உயிலும் புரோப் 11-இல்தான் இருக்கும். உள்ளூர்ப் பதிவேட்டில் இந்த இடைவெளியைப் பார்த்துப் பதிவுகள் தொலைந்துவிட்டன என்று நினைக்க வேண்டாம்.

8. கிடைத்ததைப் படிக்கும்போது

புரோப் 11-இல் நீங்கள் காண்பது நீதிமன்ற எழுத்தர் பெயர்த்தெழுதிய நகல். கீழே தெரியும் கையெழுத்தும் எழுத்தருடையதுதான். மூதாதையின் கையெழுத்து கிடைத்துவிட்டது என்று மகிழ்வதற்கு முன் மூல உயில்கள் உள்ள புரோப் 10 தொகுப்பைத் தேடுங்கள்.

உயில் ஆங்கிலத்தில் இருந்தாலும், முடிவில் புரோபேட் வழங்கிய குறிப்பு 1733 வரை லத்தீனில் இருக்கும் (குரோம்வெல் காலம் விலக்கு). "புரோபாட்டம்" என்று தொடங்கும் அந்தப் பத்தியைத் தாண்டிப் போகாதீர்கள். வழங்கிய தேதியும் பொறுப்பேற்றவர் பெயரும் அதில்தான் உள்ளன. "ரெலிக்டா" என்றால் விதவை. பக்க ஓரத்தில் பிற்காலக் குறிப்பு இருந்தால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அது இரண்டாவது அதிகார மாற்றத்தைச் சொல்லும்.

1752-க்கு முன் வருடம் மார்ச் 25-இல்தான் பிறந்தது. 1701 பிப்ரவரி என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் அது 1702. உயில் எழுதியவர் எழுதும் முன்பே இறந்தது போலத் தேதிகள் குழம்பினால் முதலில் இதைச் சரிபாருங்கள்.

சாட்சிக் கையெழுத்து இல்லை என்பதற்காக அது போலி என்று தள்ளிவிடவும் கூடாது. 1838-க்கு முன் அசையும் சொத்துக்கான உயிலுக்குச் சாட்சி கட்டாயமில்லை. 1817-இல் இறந்த ஜேன் ஆஸ்டினின் உயிலில் சாட்சி கிடையாது. அவருடைய கையெழுத்தை அறிந்தவர்கள் சத்தியப் பிரமாணம் கொடுத்த பிறகு கேன்டர்பரி நீதிமன்றம் அதை ஏற்றது. 1838 ஜனவரி 1 முதல் இரண்டு சாட்சிகள் கட்டாயம், 21 வயதும் கட்டாயம். அதற்கு முன் அசையும் சொத்துக்கு 14 வயதுப் பையனும் 12 வயதுப் பெண்ணும்கூட உயில் எழுதலாம்.

நிலத் தகராறு இந்தக் கட்டுகளில் கிடைக்காது. திருச்சபை நீதிமன்றத்தின் அதிகாரம் அசையும் சொத்தின் மேல் மட்டும். நிலத்துக்கான வழக்கு பொதுச் சட்ட நீதிமன்றங்களில் அல்லது சான்சரி என்ற அரசு நீதிமன்றத்தில் நடந்தது, அங்கே தேடுங்கள்.

9. உயில் இல்லை என்று முடிவெடுக்கும் முன்

நிர்வாகப் பத்திரங்களைப் பாருங்கள். கேன்டர்பரியைப் பொறுத்தவரை அவை புரோப் 6 என்ற தனித் தொகுப்பு, 1559 முதல் 1858 வரை. புரோப் 11-இல் பெயர் தேடினால் இவை வரவே வராது. சுருக்கமான பதிவுதான்: இறந்தவர் யார், எந்த ஊர், அதிகாரம் யாருக்கு, அவர் என்ன உறவு. ஆனால் தேதியும் உறவும் உறுதிப்படும்.

சொத்துப் பட்டியலும் இருக்கலாம். அண்டை வீட்டார் அறை அறையாக நுழைந்து கட்டில், செப்புப் பானை, பசு, கைத்தறி என்று விலையோடு எழுதியது. 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு இவை அரிதாகிவிடுகின்றன.

ஸ்காட்லாந்து, அயர்லாந்து என்றால் மேலே சொன்ன படிகள் பொருந்தாது. ஸ்காட்லாந்தில் இந்த அதிகாரம் 1820-களிலேயே கமிசரி நீதிமன்றங்களிலிருந்து ஷெரிஃப் நீதிமன்றங்களுக்குப் போய்விட்டது. அயர்லாந்தில் மாற்றம் 1858-தான். ஆனால் டப்ளினில் சேர்த்து வைத்திருந்த உயில்களில் மிகப் பெரும்பகுதி 1922 தீயில் அழிந்துபோனதால், அச்சிட்ட அட்டவணைகளும் மாவட்டப் பதிவகங்களின் நகல் புத்தகங்களுமே துணை.

10. இறந்தது சென்னையில் என்றால்

கிழக்கிந்தியக் கம்பெனி வணிகர், படைவீரர், அவர்கள் குடும்பத்தார் பலர் மதராஸில் இறந்தார்கள். இவர்களுக்கு 1858 கோடு பொருந்தாது. 1726 சாசனத்தின் கீழ் மதராஸ் மேயர் நீதிமன்றமே புரோபேட் வழங்கியது. பிறகு 1798-இலிருந்து ரெக்கார்டர் நீதிமன்றம், 1801-இலிருந்து உச்ச நீதிமன்றம், 1862-இலிருந்து உயர் நீதிமன்றம். உச்ச நீதிமன்றத்தில் இந்தப் பிரிவுக்கு "எக்கிளிசியாஸ்டிகல்" என்று திருச்சபைப் பெயர் இருந்ததால், சிலர் பேராலய அலுவலகங்களில் போய் உயிலைத் தேடுகிறார்கள். பெயர் மட்டும்தான் திருச்சபையுடையது. நீதிபதிகளும் கட்டுகளும் அரசு நீதிமன்றத்தைச் சேர்ந்தவை.

இந்த உயில்களின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா அலுவலகப் பதிவுகளில் எல்/ஏஜி/34/29 என்ற தொகுப்பில் உயில்கள், 34/27-இல் சொத்துப் பட்டியல்கள். இறந்தவருக்கு இங்கிலாந்திலும் பணம் இருந்திருந்தால் அங்கேயும் தனியாகப் புரோபேட் வாங்கியிருப்பார்கள். அதற்குக் கேன்டர்பரி அட்டவணையில் ஊர்ப் பெயரை எதிர்பார்க்காதீர்கள். வெளிநாட்டில் இறந்த எல்லோரையும் "அயல் பகுதிகள்" என்ற ஒரே தலைப்பில் "பிடிஎஸ்" என்று சுருக்கி எழுதியிருப்பார்கள். மதராஸ் என்று தட்டித் தேடிக் கிடைக்காதவர், அந்த மூன்றெழுத்துக்கு எதிரே இருப்பார்.